சங்கிலிமுத்து கட்டிய பொய்மீன்

“இந்த ஏரி மீனுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சு போச்சா?”

கேட்டுக்கொண்டே சங்கிலிமுத்து ஒரு கை நிறையப் பொய்மீன்களை எஸ்தரின் மேசையில் கொட்டினார்.

கொட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

எஸ்தர் நிமிரவில்லை. மேசை விளிம்பில் திருகி வைத்த கிடுக்கியில் ஒரு தூண்டில் முள் இருந்தது. அதன் மேல் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அறை அது. அவள் வேலை பொய்மீன் கட்டுவது. முள்ளின் மேல் கொஞ்சம் ஆட்டு முடி, கொஞ்சம் சேவல் இறகு, ஓர் இழை வெள்ளி ஜரிகை. இறுக்கிச் சுற்றி, நெயில் பாலிஷில் இரண்டு கண் வைத்தால் ஒரு பொடிமீன். நிஜமான பொடிமீன் என்று நம்பி ஏரியின் ட்ரவுட் மீன் வந்து கவ்வும்.

எஸ்தர் கட்டினால் கவ்வும். சங்கிலிமுத்து கட்டினால் கவ்வாது.

அவருக்கு அவளுடைய அப்பா வயது. மலைக்குக் கீழே ஊரில் பழைய இரும்புக் கடை. தெருவில் தகரம் பொறுக்கி ஆரம்பித்தவர், இன்றைக்கு உடைத்த கப்பலை லாரி லாரியாக விலை பேசுகிறார். அவர் தொண்டையைத் திறந்தால் எடைமேடை முள்ளே நடுங்கும் என்பார்கள்.

மீன் நடுங்கவில்லை.

“ஒவ்வொண்ணும் எப்பிடி மினுங்குது பாத்தியா? கடை வாசல்ல தொங்கவிட்டா அடிச்சுப் பிடிச்சு அள்ளிட்டுப் போவான்.”

எஸ்தர் ஒன்றை எடுத்தாள். அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை மாதிரி உப்பி, ஜரிகையெல்லாம் வெளியே தெரிய.

அதை அவருடைய டீ டம்ளரில் போட்டாள்.

“ஏ, என்ன பண்ணுத?”

“பாருங்க.”

டீக்குள் மாப்பிள்ளை சுருங்கினார். முடி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு நனைந்த எலிவால் மிதந்தது.

“குடிங்க அண்ணாச்சி.”

“முடி கிடக்குற டீயை எவன் குடிப்பான்?”

“அப்ப மீனு மட்டும் குடிக்கணுமா?”

சங்கிலிமுத்து டம்ளரை வாசல் வழியே வீசினார். அது படகுத்துறைப் படிகளில் உருண்டு ஏரிக்குள் விழுந்தது.

“டம்ளர் என்னோடது,” என்றாள் எஸ்தர். “போய் எடுத்துட்டு வாங்க.”

மலைக்கு வந்தால் மனுஷன் சாந்தமாகிவிடுவான் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அன்றைக்கு அந்தப் படியில் நின்றிருக்க வேண்டும். முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீர், கையில் டம்ளர், வாயில் எழுத முடியாத வார்த்தைகள்.

*

“உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டாள் எஸ்தர். “மீன் வேணும்னா சந்தையில வாங்குங்க.”

“வாங்கினேன். அதுதான் வம்பாப் போச்சு.”

அவருக்கு ஒரே தம்பி, தளவாய். கடையை அவரோடு சேர்ந்து தூக்கி நிறுத்தியவன். ஒருநாள் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டான். இப்போது ஏரியின் அக்கரையில் இருக்கும் மீன் பண்ணையில் குஞ்சுகளுக்குத் தீனி போடுகிறான்.

சங்கிலிமுத்துவின் மகள் பேச்சிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சித்தப்பா வந்து நிற்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குத் தப்பாத பிடிவாதம்.

சங்கிலிமுத்து பண்ணை வாசலுக்கு வந்தார். கத்தினார். தளவாய் கதவைச் சாத்தினான். மறுநாளும் வந்தார். அவன் தோட்டத்துப் பக்கமாகப் போய்விட்டான். அதற்கு அடுத்த தடவை வாசல் கம்பியைப் பிடித்து ஆட்டினார்.

அன்றைக்குத்தான் தளவாய் வாய் திறந்தான்.

“ஒரு பொய்மீனை உன் கையால கட்டு. அதை வச்சு இந்த ஏரியில ஒரு மீன் பிடிச்சுக் கொண்டா. கத்தியோ மிரட்டியோ விலை பேசியோ நடக்காத வேலை ஒண்ணை நீ செஞ்சு நான் பாக்கணும். அன்னைக்கு உன் வண்டியில ஏறுதேன்.”

சங்கிலிமுத்து சந்தைக்குப் போனார். ஏரி மீன் என்று ஒன்றை வாங்கினார். வாயில் முள்ளை அவரே குத்தி, பண்ணைக்குக் கொண்டுபோனார்.

தளவாய் மீனின் முகத்தைப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்தான்.

“தொட்டி சிமென்ட்ல உரசித் தேஞ்ச வாலு. இது என் கையால தீனி தின்ன மீனு. நான் வளத்ததை எனக்கே விக்க வந்திருக்க.”

இதை எஸ்தரிடம் சொல்லிமுடித்தபோது சங்கிலிமுத்துவுக்குக் காது சிவந்துவிட்டது. தம்பி பிடித்துவிட்டான் என்பதற்காக இல்லை.

“அந்தச் சந்தைக்காரப் பய, பண்ணை மீனை ஏரி மீன்னு சொல்லி என் தலையில கட்டிட்டான். என் தலையில.”

எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிக்காத. ஒரு பேச்சுக்கு வா. முழுசாச் சொல்லித்தர வேண்டாம். மீனு கவ்வுறதுக்கு எது வேணுமோ அதை மட்டும் சொல்லு. மத்ததை நீயே வச்சுக்க.”

“எதை வச்சுக்க?”

“அதான், இந்தப் பொறுமை கிறுமைன்னு சொல்லுவீங்கல்லா. அது எனக்கு வேண்டாம்.”

எஸ்தர் கிடுக்கியை அவர் பக்கம் திருப்பினாள்.

“உக்காருங்க.”

*

நூலைக் கொடுத்தாள். இழுத்தார். அறுந்தது.

மறுபடி கொடுத்தாள். அறுந்தது.

“என்ன நூலு வாங்குத நீ? ஏமாத்திட்டான் உன்னைய. என்கிட்ட சொல்லிருந்தா நான் வாங்கித் தந்திருப்பேன்.”

எஸ்தர் அதே நூலில் சுற்றிக் காட்டினாள். அது அறுந்துவிடுவேன் என்று முனகியது. அறுந்துபோகவில்லை.

“முனகுறது கேக்குதா?”

“நூலு முனகுமா?”

“நீங்க பேசிட்டே இருந்தா கேக்காது.”

அவர் முடி வைத்தார். அவள் பாதியைப் பிடுங்கி ஊதிவிட்டாள். மறுபடி வைத்தார். மறுபடி பிடுங்கினாள்.

“எம்மா, இது கஞ்சத்தனம். கொடுக்குற காசுக்கு நிறையா இருக்க வேண்டாமா?”

“இதுக்கு நடுவுல தண்ணி போகணும். போனாத்தான் அசையும். அசையறதைத்தான் மீனு பாக்கும்.”

“கண்ணு தெரியலன்னா அசைஞ்சு என்ன?”

“அண்ணாச்சி, மீனைத் திட்டுறதை விடுங்க. அதுக்கும் உங்களுக்கும் எந்தப் பாக்கியும் இல்ல.”

மத்தியானத்துக்குள் ஒன்று உருப்படியாக வந்தது. ஒல்லியாக, கொஞ்சம் வளைந்து, கண்ணுக்குக் கீழே ஜரிகை மின்ன. சங்கிலிமுத்து தூக்கிப் பிடித்தார். இதுவரை உலகத்தில் எவனும் பொய்மீன் கட்டியதே இல்லை என்பது போல.

எஸ்தர் ஒரு முழம் தூண்டில் நரம்பை நீட்டினாள்.

“இதைக் கோத்துப் பாருங்க.”

முள்ளின் தலைப்பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கும். அதில்தான் நரம்பைக் கோர்க்க வேண்டும்.

சங்கிலிமுத்து கோர்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டார். வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி போட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

வளையமே இல்லை. கடைசி வரை இறகையும் நூலையும் இழுத்து இழுத்துச் சுற்றியதில் வளையம் மூடிப்போயிருந்தது. பார்க்க அழகான மீன். நரம்பில் கட்டித் தண்ணீரில் விடத்தான் வழியில்லை.

அவர் அதைக் கீழே போட்டுச் செருப்பால் மிதித்தார். முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியது.

எஸ்தர் அப்போதுதான் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள்.

“எல்லாரும் பண்ற தப்புதான். உடம்பைக் கட்டும்போதே தலைக்கு இடம் விடணும்.”

“இதை முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லிருந்தா கேட்டிருப்பீங்களா?”

சங்கிலிமுத்து காலிலிருந்து முள்ளைப் பிடுங்கினார்.

“மாட்டேன்,” என்றார்.

மலைக்கு வந்த பிறகு அவர் தன் தப்பை ஒப்புக்கொண்ட முதல் வார்த்தை அது.

எஸ்தர் புது முள்ளைக் கிடுக்கியில் மாட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை விடிந்ததும் படகில் போனார்கள். எஸ்தர் துடுப்புப் போட்டாள். சங்கிலிமுத்து தூண்டில் கோலைப் பிடித்திருந்தார். நரம்பின் நுனியில் அவர் கையால் கட்டிய பொய்மீன். வளையம் திறந்திருந்தது. நனைத்துப் பார்த்தாயிற்று. அசைந்தது.

வீசினார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். லாரியிலிருந்து சங்கிலி இறக்குகிற இழுப்பு.

பின்னால் ஒரு கறுப்பு நிழல் வந்தது. படகு வரைக்கும் வந்தது. திரும்பிப் போய்விட்டது.

மறுபடி வீசினார். மறுபடி வந்தது. மறுபடி போனது.

“பாத்தியா திமிரை? வருது, பாக்குது, போகுது. வாங்காத பய கடைக்கு வந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டுப் போற மாதிரி.”

எஸ்தர் துடுப்பால் படகைக் கொஞ்சம் திருப்பினாள்.

“என் தம்பியும் இப்பிடித்தான். என்ன குறை வச்சேன் அவனுக்கு? சோறு போட்டேன். வீடு கட்டிக் கொடுத்தேன். கல்யாணம் பண்ணி வச்சேன். நன்றி கெட்ட பய. கீழ வாலேன்னா பண்ணைக்குள்ள போய் ஒளியுதான். அன்னைக்குக்கூட நல்லபடியாத்தான் கேட்டேன், ஆட்டோராணி எப்பிடிலே இருக்கான்னு. பட்டுன்னு கதவைச் சாத்துதான்.”

“ஆட்டோராணி யாரு?”

“அவன் மகதான்.” சங்கிலிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இழுத்துக்கொண்டே சொன்னார். “ஆட்டோவுல பொறந்தவ. ஆஸ்பத்திரி போய்ச் சேரல, பாலத்து மேலயே பொறந்துட்டா. நான்தான் பேரு வச்சேன். கடையில லோடுமேன்ல இருந்து கணக்குப்பிள்ளை வரைக்கும் எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுவானுங்க. அவன் வீட்டுக்காரி வந்தாக்கூட, ஆட்டோராணி அம்மா வந்தாச்சுன்னு ஒரே சிரிப்பா இருக்கும்.”

எஸ்தர் துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தாள்.

“அவங்க சிரிச்சாங்களா?”

“யாரு?”

“அந்தப் பிள்ளையோட அம்மா.”

சங்கிலிமுத்து பதில் சொல்லத் திரும்பினார். வாய் திறந்தது. பதில் நாக்கு வரை வந்ததாகத்தான் இருந்தது. வரவில்லை.

கை இழுக்க மறந்தது.

தண்ணீருக்குள் பொய்மீன் நின்றது. தலை கொஞ்சம் தாழ்ந்தது. ஆட்டு முடி மெல்லப் பிரிந்து மூச்சு விடுவது போல விரிந்தது.

இடி விழுந்தது மாதிரி ஒரு வெட்டு. கோல் வளைந்து தண்ணீரைத் தொட்டது.

சங்கிலிமுத்து எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்தார். படகு சாய்ந்தது. ஏரிக்கு மேலே ஒரு வெள்ளி விலா தெரிந்தது. அடுத்த நொடி கோல் நிமிர்ந்துகொண்டது.

மீன் போய்விட்டது.

பொய்மீன் மட்டும் திரும்பி வந்தது. இறகு பாதி இல்லை. ஜரிகை கிழிந்து தொங்கியது. நூல் மேல் பல் கீறிய தடம்.

அவர் ஏரியைத் திட்டினார். கோலைத் திட்டினார். மீனின் அம்மாவைத் திட்டினார். மூச்சு வாங்கி உட்கார்ந்தார்.

“நின்னப்போதான் கடிச்சுச்சு,” என்றார்.

“ம்.”

“இழுத்தப்பல்லாம் சும்மா பின்னாலயே வந்துச்சு. நின்னதும் கடிச்சுட்டு. இதுதான் சூட்சுமம்னு முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

எஸ்தர் அவரைப் பார்த்தாள். சொல்லிருந்தா கேட்டிருப்பீங்களா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டது மாதிரிதான் இருந்தது.

துடுப்பை எடுத்தாள். படகு துறைக்குத் திரும்பவில்லை. அக்கரைக்குப் போனது.

“ஏ, எங்க போற?”

துடுப்புச் சத்தம்.

“மீனில்லாம அவன் முன்னால எப்பிடிம்மா போய் நிக்க? நாளைக்கு ஒரு நாள் இருக்கு. நாளைக்குப் பிடிச்சிருவேன். திருப்பு படகை.”

படகு பண்ணைப் பக்கத்துக் கரையில் முட்டியது.

“இறங்குங்க.”

“அவன்கிட்ட போய் என்னத்தப் பேச?”

எஸ்தர் கிழிந்த பொய்மீனை நரம்பிலிருந்து வெட்டினாள். அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அவர் இறங்கியதும் துடுப்பால் கரையை ஓர் உந்து உந்தினாள்.

படகு போய்விட்டது.

*

தளவாய் தீனி வாளியோடு தொட்டி ஓரத்தில் நின்றிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான். கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

“வந்தாச்சா? ஆரம்பி.”

சங்கிலிமுத்து கையை விரித்தார்.

தளவாய் குனிந்து பார்த்தான்.

“நீயா கட்டின?”

“ஆமா.”

“மீன் எங்க?”

படகு ஆடிவிட்டது. அந்தப் பெண் நடுவில் கேள்வி கேட்டுவிட்டாள். நரம்பு மட்டம். கோல் சரியில்லை. சங்கிலிமுத்துவின் வாய்க்குள் ஒரு கடையே திறந்திருந்தது, ஒவ்வொன்றும் விற்கக்கூடிய சரக்கு.

“போயிடுச்சு,” என்றார்.

அதோடு நின்றார்.

தளவாய் காத்திருந்தான். அடுத்து வழக்கமாக என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். வரவில்லை.

“என்ன, ஒண்ணும் சொல்லாம நிக்க?”

வரவில்லை.

“கத்து. கம்பியைப் பிடிச்சு ஆட்டு. நன்றி கெட்டவன்னு சொல்லு.”

சங்கிலிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே போன மூச்சு வெளியே வர இடம் தேடியது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் தளவாய் கடித்தான்.

“அன்னைக்கு என் போன் அடிச்சுதே, ஞாபகம் இருக்கா? லோடு இறங்குற நேரத்துல என்னலே போனுன்னு பிடுங்கி மேசை டிராயர்ல போட்டுப் பூட்டினியே, ஞாபகம் இருக்கா? அடிச்சது செல்லக்கனி. வலி வந்து அடிச்சா. டிராயருக்குள்ள அடிச்சுட்டே இருந்துச்சு. நீ எடை போட்டுட்டே இருந்த. நானும் நின்னேன் பாரு, சாவியைக் கொடுன்னு கேக்காம, உனக்குப் பயந்து. ஒத்தையில ஆட்டோ பிடிச்சுப் போயி, பாலத்து மேல, நாலு பேரு பாக்க, ஓட்டுறவன் சட்டையைக் கழத்தி மறைச்சு, அப்பிடிப் பெத்தா. அதுக்கு நீ ஒரு பேரு வச்ச. கடையே சிரிச்சுச்சு. அவ டீ கொண்டு வந்தா சிரிச்சீங்க. சாவியை வைக்கப்போற அன்னைக்கு உன்கிட்ட இதைச் சொல்லணும்னு வந்தேன். சொல்ல விட்டியா? ஒரு வார்த்தை பேச விட்டியா நீ? நான் பேச ஆரம்பிச்சா உன் குரல் ஏறும். என் பேச்சு எப்பவும் உன் சத்தத்துக்கு அடியிலதான் கிடந்துச்சு.”

கம்பிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஆட்டியது தளவாய்.

“என் மக பேரு என்ன? சொல்லு. அவ பேரு என்ன?”

சங்கிலிமுத்து வாய் திறந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே பேர்தான்.

மூடினார்.

“பூங்கோதை,” என்றான் தளவாய். “பூங்கோதைன்னு பேரு.”

தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சங்கிலிமுத்து கையை இறுக்கியிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. முள் ஏறியிருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

தளவாய் பார்த்தான். கம்பிக்குள் கையை விட்டு அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். முள்ளை எடுத்தான். அது வந்த வழியே கவனமாகத் திருப்பி எடுத்தான், பண்ணையில் பழகிய கை. எடுத்த பொய்மீனைத் தூக்கி எறியவில்லை. சட்டைப் பையில் குத்திக்கொண்டான்.

“பேச்சிக்காக யோசிக்கலாம்,” என்றான். “உனக்காக இல்ல. நான் மட்டும் முடிவு பண்ற காரியமும் இல்ல. செல்லக்கனி உள்ளதான் இருக்கா. எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கா.”

இரண்டு பேரும் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன வீட்டைப் பார்த்தார்கள். சன்னல் திறந்திருந்தது. யாரும் தெரியவில்லை.

சங்கிலிமுத்து நின்றார்.

வெயில் தொட்டியின் ஒரு முனையிலிருந்து நகர ஆரம்பித்தது. தீனிக்கு வந்து ஏமாந்த குஞ்சுகள் கலைந்துபோயின. அவர் நின்றார். கேட்க ஒரு கேள்விகூட அவரிடம் இல்லை, விலை சொல்ல ஒன்றுமே இல்லை.

சன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அதில் கோபம் துளி குறையவில்லை.

“வண்டி எங்க நிக்குதுன்னு கேளுங்க.”